செகண்ட் ஹேண்ட் போன் வாங்கியவர் வழிப்பறி வழக்கில் சிக்கினால்? - சட்டம் தரும் பாதுகாப்புகள் என்னென்ன?

ராத்திரி பத்தரை மணி. ஊரிலிருந்து அம்மா போன் செய்கிறார். "தம்பியை போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்கப்பா. கத்தியைக் காட்டி யார்கிட்டயோ போனைப் பறிச்சானாம்."

விசாரித்தால், தம்பியிடம் இருந்தது இரண்டு மாதத்துக்கு முன்பு முன்பின் தெரியாத ஒருவரிடம் ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கிய செகண்ட் ஹேண்ட் போன். சிம் போட்டதும் ஐஎம்இஐ எண் காட்டிக்கொடுத்துவிட்டது.

இது கற்பனைச் சம்பவம்தான். ஆனால், பில் இல்லாமல் பழைய போன் வாங்கும் யாருக்கும் இது நடக்கலாம். 'போன் இவனிடம் இருந்தது' என்பது வேறு, 'போனை இவன்தான் பறித்தான்' என்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் ஒருவரின் பத்து ஆண்டு வாழ்க்கை தொங்குகிறது.

திருட்டா, பறிப்பா, வழிப்பறியா?

2024 ஜூலை 1 முதல் ஐபிசிக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) நடைமுறையில் இருக்கிறது. எஃப்ஐஆரில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

* பிரிவு 303, திருட்டு: பொதுவாக அதிகபட்சம் 3 ஆண்டு சிறை.
* பிரிவு 304, பறிப்பு: செயின், போன் போன்றவற்றை வெடுக்கெனப் பறித்துக்கொண்டு ஓடுவது. அதிகபட்சம் 3 ஆண்டு.
* பிரிவு 309, கொள்ளை: நம் பேச்சு வழக்கில் வழிப்பறி. 10 ஆண்டு வரை கடுங்காவல். சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நடந்தால் 14 ஆண்டு வரை. காயம் ஏற்படுத்தியிருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம்.
* பிரிவு 310, கூட்டுக்கொள்ளை: ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால்.
* பிரிவு 311: கொள்ளையின்போது கொலை ஆயுதத்தைப் பயன்படுத்தினால் குறைந்தபட்சமே 7 ஆண்டு.
* பிரிவு 317, திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது: பொதுவாக 3 ஆண்டு வரை.

திருட்டைக் கொள்ளையாக மாற்றுவது ஒரே ஒரு விஷயம்: திருடுவதற்காகவோ, எடுத்துக்கொண்டு போவதற்காகவோ காயப்படுத்துவது, தடுத்து நிறுத்துவது அல்லது அந்த நொடியே ஏதாவது செய்துவிடுவேன் என்று பயமுறுத்துவது. அது நடந்ததற்குச் சாட்சி இல்லையென்றால், 309 நிற்காது என்று வக்கீல் வாதாடலாம்.

கத்தி விஷயத்தில் கவனம் தேவை. குத்தினால்தான் 'பயன்படுத்தியது' என்றில்லை. மிரட்டுவதற்காகக் காட்டினாலே போதும் என்று 1975-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதேநேரம், ஆயுதத்தை யார் பயன்படுத்தினாரோ அவருக்குத்தான் அந்தக் குறைந்தபட்சத் தண்டனை. கூட நின்றவர்கள் எல்லோருக்கும் அது தானாகப் பொருந்தாது.

முதல் 24 மணி நேரத்தில் என்ன செய்யணும்?

கைது செய்தவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு தரும் உரிமை. 'விசாரணைக்குத்தான் கூட்டிட்டு வந்தோம்' என்று நாள்கணக்கில் ஸ்டேஷனில் உட்காரவைக்க முடியாது.

* எதற்காகக் கைது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்துப்பூர்வமாகத் தர வேண்டும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.
* கைது குறிப்பாணையில் நேரமும் தேதியும் சரியாக இருக்கிறதா எனப் பாருங்கள். குடும்பத்தினர் அல்லது அப்பகுதியைச் சேர்ந்த மரியாதைக்குரிய ஒருவர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.
* விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு. முழு நேரமும் அவர் கூடவே இருக்க முடியாது.
* வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

கைதானதும் மருத்துவப் பரிசோதனை நடக்கும். அடி விழுந்திருந்தால் டாக்டரிடமும், பிறகு மாஜிஸ்திரேட்டிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'வழுக்கி விழுந்து கை உடைஞ்சுபோச்சு' என்ற கதையை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அன்றைக்குச் சொல்லி, அது பதிவானால்தான் பின்னால் வலுவான ஆதாரம்.

தம்பிக்கு 18 வயது ஆகவில்லையா? அப்படியென்றால் அவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். வயதுச் சான்றை உடனே எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

'அவனே ஒத்துக்கிட்டான்'னு போலீஸ் சொல்றாங்களே?

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் அவருக்கு எதிரான சாட்சியம் ஆகாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 23-வது பிரிவும் இதையே சொல்கிறது. ஆனால், ஒரு விதிவிலக்கு உண்டு. அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் புதிதாகக் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும்.

உதாரணத்துக்கு, 'கத்தியைப் பாலத்துக்கு அடியில் போட்டேன்' என்று சொல்லி, அங்கே கத்தி கிடைத்தால், அந்த வாக்கியம் செல்லும். 'அந்தக் கத்தியைக் காட்டித்தான் மிரட்டினேன்' என்பது செல்லாது.

எனவே, பொருளை மீட்டபோது எழுதிய மகஜரை வக்கீல் வரிவரியாகப் பார்ப்பார். சாட்சிகள் யார், எங்கே, எத்தனை மணிக்கு? இப்போது சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுப்பது கட்டாயம். வீடியோ எங்கே என்பதுதான் முதல் கேள்வி.

'இவன்தான்'னு ஆள் காட்டினா?

இருட்டில், ஹெல்மெட் போட்ட ஆளைச் சில நொடிகள் மட்டும் பார்த்தவர் தவறாக அடையாளம் காட்ட வாய்ப்பு அதிகம். அதற்காகத்தான் அடையாள அணிவகுப்பு. ஒரே மாதிரித் தோற்றமுள்ள பலரோடு நிறுத்தி, யார் என்று சாட்சியைக் காட்டச் சொல்வார்கள். அதற்கு முன்பே ஸ்டேஷனிலோ, போட்டோவிலோ ஆளைக் காட்டியிருந்தால் அணிவகுப்புக்கு மதிப்பில்லை. ரிமாண்ட் நேரத்திலேயே 'முகத்தை மூடி அழைத்துச் செல்ல வேண்டும்' என்று வக்கீல் கேட்கலாம். 'அப்பாவியை விடுங்க' என்று குடும்பத்தினரே போட்டோவை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அந்த வாதத்தை நாமே கெடுத்துக்கொண்டது போலாகிவிடும்.

பொருள் கையிலேயே இருந்துச்சே?

இதுதான் சிக்கலான இடம். திருடு போன கொஞ்ச நாளில் அந்தப் பொருள் ஒருவரிடம் இருந்து, எப்படி வந்தது என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், அவர் திருடனாகவோ, தெரிந்தே வாங்கியவராகவோ இருக்கலாம் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். 'ஊகிக்கலாம்' என்பதுதான் சட்டம். 'ஊகித்தே ஆக வேண்டும்' என்பதல்ல. நம்பும்படியான விளக்கம் இருந்தால் அந்த ஊகம் உடையும். யுபிஐயில் பணம் அனுப்பிய விவரம், விற்றவரோடு பேசிய வாட்ஸ்அப் சாட், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் - எதையும் அழிக்காதீர்கள்.

சம்பவம் நடந்தபோது தம்பி வேறு இடத்தில் இருந்தாரா? ஆபீஸ் வருகைப் பதிவு, டெலிவரி ஆப் விவரம், டீக்கடை சிசிடிவி என ஆதாரம் தேடுங்கள். சிசிடிவி பதிவுகள் சில வாரங்களில், சில இடங்களில் சில நாட்களிலேயே அழிந்துவிடும். கடைக்காரரிடம் எழுதிக் கேளுங்கள். மறுத்தால் கோர்ட் மூலம் கேட்கலாம். ஆனால், 'அன்னிக்கு வீட்லதான் இருந்தான்' என்று பொய்யாகச் சாட்சி செட் பண்ணினால், அது உடையும்போது உண்மையும் சேர்ந்து உடையும்.

ஜாமீன் எப்போ கிடைக்கும்?

கொள்ளை, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். ஜாமீன் கிடைக்கவே கிடைக்காது என்று அர்த்தமில்லை. நீதிமன்றத்தின் முடிவு என்று அர்த்தம். பழைய வழக்குகள், காயத்தின் தன்மை, பொருள் மீட்கப்பட்டதா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். ஆயுள் தண்டனைக்கு வாய்ப்புள்ள பிரிவு இருந்தால், பெரும்பாலும் செஷன்ஸ் கோர்ட்டுக்கோ, உயர் நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டியிருக்கும்.

குற்றப்பத்திரிகை குறித்த நாளுக்குள் தாக்கலாகாவிட்டால் ஜாமீன் ஓர் உரிமை. ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றத்துக்கு 90 நாள். அதிகபட்சமே 10 ஆண்டு என்ற குற்றத்துக்கு 60 நாள்தான் என்று பழைய சட்டத்தின் கீழ் 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய சட்டத்தில் வார்த்தைகள் கொஞ்சம் மாறியிருந்தாலும், 61-வது நாளே மனுப் போடுவதுதான் புத்திசாலித்தனம். குற்றப்பத்திரிகை வந்த பிறகு போய்க் கேட்டால் அந்த உரிமை போய்விடும்.

தமிழ்நாட்டில் இன்னொரு கதவும் உண்டு: குண்டர் சட்டம். 1982-ம் ஆண்டின் இந்தச் சட்டத்தில் ஒருவரை 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் வெளியே வர முடியாது. அரசுக்கு மனு, அறிவுரைக் கழகம், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என அதற்குத் தனிப் போராட்டம்.

'பொருளைத் திருப்பிக் கொடுத்துட்டா கேஸ் முடிஞ்சிடுமா?'

சாதாரணத் திருட்டில் உரிமையாளரோடு சமரசமாகப் போகச் சட்டத்தில் வழி உண்டு. சமரசம் செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலில் கொள்ளை இல்லை. 'அம்பதாயிரம் குடுங்க, பேசி முடிச்சிடலாம்' என்று வருபவரை நம்பாதீர்கள்.

வக்கீலுக்குக் காசில்லைன்னா?

காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இதை உறுதி செய்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக் குழு அலுவலகத்துக்கும் போகலாம். ரிமாண்டின்போது 'எனக்கு வக்கீல் இல்லைங்கய்யா' என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னாலே போதும்.

குற்றம் செய்தவருக்கும் இத்தனை உரிமையா என்று கேட்கலாம். கோவலனின் கையில் சிலம்பு இருந்தது, அது உண்மை. ஆனால், அது அரசியின் சிலம்புதானா என்று யாரும் உடைத்துப் பார்க்கவில்லை. பார்த்தபோது கோவலன் உயிரோடு இல்லை. இந்த உரிமைகள் அனைத்தும், தண்டிப்பதற்கு முன்பே சிலம்பை உடைத்துப் பார்ப்பதற்கான ஏற்பாடுதான்.

அடுத்த முறை பழைய போன் வாங்கும் முன், அதில் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள். KYM என டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். 'பிளாக்' செய்யப்பட்ட போன் என்று பதில் வந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.