பிற்கால உரோம வீரரும் தோற்கவசமும்

உரோமப் போர்வீரனைச் சித்திரிக்கும் திரைப்படங்களில் அவன் பெரும்பாலும் தோற்கவசம் பூண்டே காட்சியளிக்கின்றான். இதற்கு ஆதாரம் யாது? கி. பி. 3ஆம், 4ஆம் நூற்றாண்டுப் படைகளைப் பொறுத்தவரை இவ்வினாவை ஆராய்வாம்.

முதலில் நூற்சான்று. கவசத்தைக் குறிக்கும் ‘லோரிக்கா’ என்னும் இலத்தீன் சொல், தோல்வாரைக் குறிக்கும் ‘லோரம்’ என்பதினின்று பிறந்ததென வாரோ கூறுவர். எனினும் அவர் கி. மு. முதலாம் நூற்றாண்டினர், கூறியதும் அவர்க்கு முந்தியோர் வழக்கே. கிராத்தியன் (367–383) காலந்தொட்டுக் காலாட்படையினர் கவசத்தைக் கைவிட்டனர் என்பர் வெகேசியசு. இரும்பு நீங்கத் தோல் வந்ததென இதுகொண்டு ஊகித்தல் பொருந்தாது. அவர் அவ்வாறு கூறிற்றிலர். மேலும், 378இல் நிகழ்ந்த அதிரியானோப்பிள் போரிற் கோடரி வீச்சினால் தலைச்சீராக்களும் கவசங்களும் பிளந்தன என அம்மியானுசு எழுதியுள்ளார். பெயரறியாப் பிறிதோராசிரியர், கவசத்தின் உள்ளே அணியும் தடித்த கம்பளி அங்கி மழையில் நனைந்து பாரமாகாவண்ணம் லிபியத் தோலால் மேலுறை அணிக என்கின்றார். ஈண்டுத் தோல் காப்பது மழையினின்றேயன்றி வாளினின்றன்று.

சிற்பங்களில் வழுவழுப்பாகத் தோன்றும் மேலங்கியைத் தோலெனத் துணிதலும் அரிது. இரும்பு வளையங்களைச் செதுக்காது வண்ணத்தாற் காட்டியிருத்தல் கூடும். வண்ணமோ காலத்தால் அழிவது.

இனி அகழ்வுச் சான்று. யூபிரட்டீசு நதிக்கரையிலுள்ள தூரா யூரோப்போசு நகர் 256ஆம் ஆண்டளவிற் பாரசீகரிடம் வீழ்ந்தது. 1928 முதல் 1937 வரை யேல் பல்கலைக்கழகத்தாரும் பிரெஞ்சு அறிஞரும் அங்கே அகழ்ந்தபோது, பதனிடாத தோற்றகடுகளைக் கோத்தமைத்த தொடைக்கவசங்கள் கிடைத்தன. வறண்ட மண் அவற்றைக் காத்தது. ஆயின் அங்கு மார்பைக் காத்தவை உலோக வளையங்களும் செதில்களுமேயாம். எகிப்திலிருந்து பிரித்தானிய நூதனசாலையை அடைந்த முதலைத்தோற் கவசமும் 3ஆம் அல்லது 4ஆம் நூற்றாண்டினது. அதனைச் சமயச் சடங்கிற்குரியதென அறிஞர் கருதுவர்.

ஆகவே, செதில்களைக் கோக்கவும், விளிம்பு கட்டவும், தொடையைக் காக்கவும் தோல் பயன்பட்டமை தெளிவு. தோல் மார்புக்கவசம் பொதுவழக்காயிருந்தமைக்கோ உறுதியான சான்றில்லை. ஈரமண்ணிற் பதனிடாத தோல் மக்கிப்போவதால், அஃது இருந்ததேயில்லை என மறுத்தலும் முறையன்று. சான்று நின்றவிடத்தில் தாமும் நிற்பதே வரலாறு கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் அழகு.