மாமாவுக்கு ஒரு சின்ன டீசல் கார்: வாங்கலாமா, வேண்டாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்ன இடங்களையும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னிக்கு கோடிங் இல்ல, ஏ.ஐ. இல்ல. ஒரு கார் கதை.

போன மாசம் காயல்பட்டினத்துலேர்ந்து மாமா போன் பண்ணாங்க. “மருமவனே, ஒரு செகண்ட் ஹேண்ட் டீசல் வண்டி வந்திருக்கு. சின்ன எஸ்.யூ.வி., மேனுவல் கியர். மெக்கானிக் டீசல் வேண்டாங்கிறாரு. பக்கத்து வீட்டு காக்கா டீசல்தான் இழுக்கும்கிறாரு. நீ இன்ஜினியர்தானே, பாத்துச் சொல்லு.”

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். எனக்குத் தெரிஞ்ச ஒரே என்ஜின் சர்ச் என்ஜின். ஆனா மாமாகிட்ட அதைச் சொல்ல முடியல. ஏன்னா விஷயம் கொஞ்சம் சீரியஸ். மாமாவோட பழைய கார் 2023 டிசம்பர் வெள்ளத்துல போயிடுச்சு. மாமிக்கு வாரம் ஒரு தடவை திருநெல்வேலியில ட்ரீட்மென்ட். வாடகைக் காருக்குக் குடுத்துக் குடுத்து ஓய்ஞ்சுட்டாங்க. இருக்கிற சேமிப்புல ஒரு கார்தான் வாங்க முடியும். தப்பாப் போனா இன்னொண்ணு கிடையாது.

அதனால உட்கார்ந்து படிச்சேன், ரெண்டு மெக்கானிக்குகள்கிட்ட பேசினேன். அதுல புரிஞ்சதைத்தான் இப்போ சொல்லப்போறேன்.

இந்த சைஸ் எங்கிருந்து வந்தது?

நம்ம ஊர் சின்ன எஸ்.யூ.வி. எல்லாம் ஏன் ஒரே அளவுல இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? பதில் வரி. 2006 மத்திய பட்ஜெட்ல சின்ன காருக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்துலேர்ந்து 16 ஆக்குனாங்க. சின்ன கார்னா நீளம் 4 மீட்டருக்குள்ள இருக்கணும். பெட்ரோல்னா 1200 சி.சி. வரை, டீசல்னா 1500 சி.சி. வரை. இந்தக் கோடு இன்னும் அழியல. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து இதே கோட்டுக்குள்ள இருக்கிற காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தாண்டினா 40.

இதுக்கு நல்ல உதாரணம் போர்டு ஈகோஸ்போர்ட். சென்னைக்குப் பக்கத்துல மறைமலை நகர்ல தயாராகி, 2013-ல விற்பனைக்கு வந்தது. நீளம் 4 மீட்டருக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் குறைவு. அதே உடம்புல 1.5 லிட்டர் டீசல் போட்டா அது ‘சின்ன கார்’, வரிச் சலுகை உண்டு. 1.5 லிட்டர் பெட்ரோல் போட்டா 1200 சி.சி.யைத் தாண்டிடும், சலுகை கிடையாது. இப்படி இந்தச் சட்டமே சின்ன எஸ்.யூ.வி.யையும் 1.5 டீசலையும் ஜோடி சேர்த்து விட்டுடுச்சு.

2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறதா போர்டு அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடியே, 2020 ஏப்ரல் 1-ல பி.எஸ். 6 விதி வந்தப்போ, மாருதி டீசலையே மொத்தமா விட்டுட்டாங்க. பிரெஸ்ஸா டீசல் அதோட முடிஞ்சுது. ஆனாலும் வென்யூ, சோனெட், நெக்ஸான், எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்ஓன்னு இந்த வகையில டீசல் மேனுவல் பி.எஸ். 6-லயும் தொடர்ந்து வந்துச்சு. பழைய கார் சந்தையில நிறையவே கிடைக்கும்.

‘இழுக்கும்’னா என்ன?

பக்கத்து வீட்டு காக்கா சொன்னது தப்பில்ல. 2017 கடைசியில வந்த ஈகோஸ்போர்ட்டையே எடுத்துக்குவோம். பெட்ரோலுக்கு 123 குதிரைசக்தி, டீசலுக்கு 100. பேப்பர்ல பெட்ரோல்தான் ஜெயிக்குது. ஆனா டார்க்கைப் பாருங்க. பெட்ரோல்ல 150 நியூட்டன் மீட்டர், அதுவும் 4500 ஆர்.பி.எம். போனாத்தான் முழுசா வரும். டீசல்ல 205, அது 1750-லேயே வந்துடும். அஞ்சு பேரு, பெட்டி படுக்கை, ஏ.சி. எல்லாத்தோடயும் பாலம் ஏறும்போது பெட்ரோல் காரை கியர் இறக்கி மிதிக்கணும். டீசல் அதே கியர்ல அமைதியா ஏறிடும்.

ஆனா 1750-க்குக் கீழ டர்போ தூங்கும். மைலேஜ் கிடைக்கும்னு 40 வேகத்துலேயே டாப் கியர் போட்டு உருட்டுறாங்களே, அது டீசலுக்கு நல்லதில்ல. என்ஜின் திணறும், கரி அதிகமா சேரும். இந்தக் கரியை ஞாபகம் வச்சுக்குங்க. மொத்தக் கதையும் அதுலதான் இருக்கு.

டி.பி.எஃப்.: எல்லாரும் பயப்படுற மூணு எழுத்து

பி.எஸ். 6 டீசல் கார்ல புகைக்குழாய்க்குள்ள ஒரு வடிகட்டி இருக்கும். அதுதான் டி.பி.எஃப். புகையில வர்ற கரித்தூளைப் பிடிச்சு வச்சுக்கும். நம்ம நுரையீரலுக்குப் போக வேண்டிய கரி அங்க நின்னுடும். நல்ல விஷயம்தான்.

ஆனா எந்த வடிகட்டியும் நிறையும் இல்லையா? நிறைஞ்சதும் கார் தானே அதை எரிச்சுச் சுத்தம் பண்ணும். அதுக்குக் கொஞ்சம் டீசலைக் கூடுதலா விட்டு, புகைச் சூட்டை 600 டிகிரி பக்கம் கொண்டுபோகும். இதுக்கு 10-லேர்ந்து 20 நிமிஷம் ஒரே சீரான ஓட்டம் வேணும். பாதியில வண்டியை ஆஃப் பண்ணிட்டா வேலையும் பாதியில நின்னுடும். எரியாத டீசல் கொஞ்சம் என்ஜின் ஆயில்ல இறங்கும். நாளைக்கும் அப்படி, நாளன்னைக்கும் அப்படின்னா மீட்டர்ல விளக்கு எரியும். அப்புறம் பவர் குறையும். அப்புறம் சர்வீஸ் சென்டர், பெரிய பில்.

என் ஃப்ரெண்ட் ஒருத்தனுக்கு இதான் நடந்துச்சு. வீடு வேளச்சேரி, ஆபீஸ் தரமணி. போக 5 கிலோமீட்டர், வர 5 கிலோமீட்டர், நடுவுல சிக்னல். என்ஜின் சூடாகுறதுக்குள்ள பார்க்கிங் வந்துடும். ஆறு மாசத்துல விளக்கு எரிஞ்சுடுச்சு. “கார் சரியில்லடா”ன்னான். கார் சரியாத்தான் இருந்துச்சு. வீடும் ஆபீஸும் ரொம்பப் பக்கத்துல இருந்துச்சு.

இங்கதான் மேனுவல் கியர் கைகொடுக்கும். விளக்கு எரிஞ்ச உடனே பைபாஸ் பக்கம் போய், ஒரு கியர் குறைச்சு, 2000 ஆர்.பி.எம்.முக்கு மேல வச்சு 60, 70 வேகத்துல 20 நிமிஷம் ஓட்டினா பெரும்பாலும் அணைஞ்சுடும். சரியான வேகமும் நேரமும் உங்க காரோட கையேட்டுலயே இருக்கும், பாத்துக்குங்க.

பி.எஸ். 4 சின்ன டீசல்கள்ல பெரும்பாலும் இந்த வடிகட்டி கிடையாது. அதனால தலைவலி குறைவு. ஆனா அந்தக் கரி ரோட்டுல நடக்கிறவங்க மூச்சுக்குத்தான் போகுது. அதையும் தெரிஞ்சே வாங்கணும். இன்னொண்ணு, 10 வருஷ டீசல் காருக்குத் தடைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது டெல்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவு. நம்ம ஊர்ல 15 வருஷம் முடிஞ்சதும் ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும்.

சராசரி ஏமாத்தும்

மாமாகிட்ட “மாசம் எவ்வளவு ஓட்டுவீங்க?”ன்னு கேட்டேன். “ஒரு 700 கிலோமீட்டர்”ன்னாங்க.

கணக்கு போட்டேன். பெட்ரோல் லிட்டர் 100 ரூபா, 13 கிலோமீட்டர் குடுக்கும். டீசல் 92 ரூபா, 18 குடுக்கும்னு வச்சுக்குவோம். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 ரூபா 60 காசு மிச்சம். டீசல் காருக்கு 1 லட்சம் கூடக் குடுத்தா, அதைத் திருப்பி எடுக்க 39,000 கிலோமீட்டர் ஓடணும். மாசம் 700-ன்னா நாலரை வருஷத்துக்கு மேல. “பெட்ரோலே போதும் மாமா”ன்னு சொல்ல வாயெடுத்தேன்.

அப்புறம் ஒரு சந்தேகம். வேலையில சர்வர் ஸ்பீடு பாக்கும்போது நாங்க சராசரியை மட்டும் நம்ப மாட்டோம். பத்துப் பேருக்கு வேகமா, ஒருத்தருக்குப் படுமெதுவா இருந்தாலும் சராசரி அழகாத்தான் தெரியும். அதனால மாமாவை ஒரு நோட்டுல ஒவ்வொரு பயணத்தையும் எழுதச் சொன்னேன். கார் இல்லாததால, ஆட்டோவுலயும் வாடகைக் காருலயும் போனதை எழுதுனாங்க.

ரெண்டு வாரத்துல நோட்டு சொன்ன கதை இது: திருநெல்வேலிக்கு வாரம் ஒரு தடவை, போக வர 110, 120 கிலோமீட்டர். மாசத்துக்கு அதுவே 450-க்கு மேல. மிச்சம் திருச்செந்தூர், ஆறுமுகநேரின்னு சின்னச் சின்ன ஓட்டம், எப்பவாவது தூத்துக்குடி. என் ஃப்ரெண்டும் மாசம் 700-க்குள்ளதான் ஓட்டுறான். ஆனா மாமாவோட கார் ஒவ்வொரு வாரமும் ஒரு மணி நேரம் நல்லாச் சூடாகி ஓடும். டி.பி.எஃப். இருந்தாலும் வாராவாரம் சுத்தமாகிடும். சேமிப்பு மெதுவாத்தான் வரும், ஆனா வண்டி கெடாது. விலை வித்தியாசம் சின்னதா இருந்தா டீசல் மாமாவுக்குச் சரி.

நம்ம கரையில ஒரு கூடுதல் சோதனை

2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் பக்கம் மழை கொட்டுச்சு. தாமிரபரணிக் கரை முழுக்கத் தண்ணி. அன்னைக்கு மூழ்கின கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போகல. கழுவித் துடைச்சு விற்பனைக்கு வந்ததும் உண்டு.

டீசலுக்கு இதுல ஆபத்து கூட. டீசல் என்ஜின் காத்தை 16 மடங்கு பக்கம் அமுக்கும். காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. உள்ள தண்ணி புகுந்த நிலையில ஸ்டார்ட் பண்ணினா கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். தண்ணிக்குள்ள நின்ன காரை ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க, இழுத்துட்டுப் போங்க.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? துருவை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. கடற்கரையும் உப்பளமும் இருக்கிற ஊர்ல நல்ல காருக்கே அடியில துரு இருக்கும். ஆனா உப்புக்காத்துத் துரு வெளியிலேர்ந்து வரும். வெள்ளம் உள்ளே சேறு விட்டுட்டுப் போகும். அதனால சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்க, அடிப்பகுதியில சேத்துக் கோடு இருக்கான்னு. கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்க. சீட்டுக்கு அடியில இருக்கிற போல்ட்டைப் பாருங்க. சர்வீஸ் ரெக்கார்டுல 2023 டிசம்பர், 2024 ஜனவரிப் பக்கத்தைத் தேடுங்க. இன்சூரன்ஸ் க்ளெய்ம் இருக்கான்னு கேளுங்க.

மாமா சொன்ன அந்த முதல் காருக்கு பெல்ட்டை இழுத்தோம். கடைசி ஒரு ஜாண் காப்பிக் கலர்ல இருந்துச்சு. வித்தவர் “அது அழுக்கு”ன்னார். மாமா ஒண்ணும் பேசல. தன் பழைய காரை வெள்ளம் வடிஞ்ச அன்னைக்குப் பாத்தவங்க. “வா போவோம்”னாங்க, அவ்வளவுதான்.

ஏன் எலெக்ட்ரிக் இல்ல?

கமென்ட்ல கேப்பீங்கன்னு தெரியும். நியாயமான கேள்வி. தூத்துக்குடியிலேயே வின்ஃபாஸ்ட் எலெக்ட்ரிக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-ல திறந்தாச்சு. தினமும் 10 கிலோமீட்டர் ஓட்டுற என் வேளச்சேரி ஃப்ரெண்டுக்கு எலெக்ட்ரிக்தான் சரி. மாமாவோட பட்ஜெட்டுக்குப் பழைய கார்தான். அடுத்த காருக்கு அந்தப் பேச்சைப் பேசுவோம்.

மாமா இப்போ மூணாவது காரைப் பாத்துக்கிட்டிருக்காங்க. நீங்களும் கார் வாங்கறதா இருந்தா ஷோரூம் போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் நோட்டு எழுதுங்க. எத்தனை கிலோமீட்டர்னு மட்டும் எழுதாதீங்க, ஒரே மூச்சுல எவ்வளவு தூரம்னு எழுதுங்க. வாரத்துக்கு ஒரு நீள ஓட்டம்கூட இல்லன்னா, டீசல் எவ்வளவு நல்லா இழுத்தாலும் விட்டுடுங்க.

அடுத்த எபிசோட்ல பாப்போம். பெல்ட் போட்டுக்குங்க. செகண்ட் ஹேண்ட் வண்டின்னா, கடைசி வரை இழுத்துப் பாத்துட்டுப் போடுங்க.