காரணம் எழுதாத மருத்துவக் குழு

மனநோய் என்று சொல்லி ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களின் மனைவிமார் எழுதும் கடிதங்களில் ஒரே குழப்பம்: டிஸபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டுமாமே, எந்த நாளிலிருந்து? கணவர் வீடு திரும்பிய நாளிலிருந்து அல்ல, மறுப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து. தபால் முத்திரை உள்ள உறையைத் தூக்கி எறிய வேண்டாம்.

‘நோய் பணியால் வந்ததல்ல, பணியால் கூடியதும் அல்ல’ என்று கடிதத்தில் இருக்கும். பிறவியிலேயே உள்ளது, அமைதிப் பகுதியில் இருந்தபோது தொடங்கியது என மருத்துவக் குழு போகிறபோக்கில் எழுதியதன் விளைவு அது. எல்லையில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தவருக்கு ஊர் மாறியதும் எல்லாம் சரியாகிவிடும் என்பது யார் கண்டுபிடிப்போ!

1982-ஆம் ஆண்டு ராணுவ ஓய்வூதியத் தகுதி விதிகளில் இதற்கு ஒரு நல்ல பூட்டு இருந்தது. ஆளெடுப்பின்போது மருத்துவர் எந்தக் குறையையும் குறிக்கவில்லை என்றால், அந்த வீரர் உடலும் மனமும் நலமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய்க்குப் பணி காரணமில்லை என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும். 2013-இல் ஒரு வலிப்பு நோய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

மனநோய் என்றதும் பூட்டு தளர்ந்தது. 2019-இல் மனச்சிதைவு வழக்கு ஒன்றில், இயல்பாக நடந்துகொள்பவரிடம் ஆளெடுப்புச் சோதனையில் இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது, குறிப்பு இல்லை என்பது மட்டும் போதாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. பென்ஷன் கிடைக்கவில்லை. சோதித்தது ராணுவ மருத்துவர், தகுதி என்று கையெழுத்திட்டதும் அவரே. கண்ணில் படாததன் பாரம் மட்டும் வீரர் தலையில். 2025 மே மாதம் இன்னொரு மனச்சிதைவு வழக்கில் காற்று மாறியது: மருத்துவக் குழு காரணம் எழுதியாக வேண்டும், காரணமில்லாத கருத்தை வைத்துப் பென்ஷனை மறுக்க முடியாது.

ஆகவே மருத்துவக் குழு தன் கருத்தை எழுதும் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் முடிவையே திருப்பி எழுதியிருந்தால், மேல்முறையீட்டை அங்கிருந்தே தொடங்குங்கள். எந்த ஆண்டு எங்கே பணி என்ற பட்டியலையும் இணையுங்கள். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியேறியவர்களுக்குப் புதிய விதிகள். பழைய தீர்ப்புகளை அப்படியே நம்பிப் போக வேண்டாம்.

ஆறு மாதம் கடந்துவிட்டதா? தாமதத்துக்குக் காரணம் சொல்லி முயலலாம். ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு வரை போய் ஜெயித்தாலும், வெகுநாள் கழித்துப் போனவர்களுக்கு நிலுவை பெரும்பாலும் கடைசி 3 ஆண்டுக்கே.

இனி மற்ற கேள்விகள். மனைவிக்கு மனநல சிகிச்சை? முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டில் உண்டு, பாலிகிளினிக்கில் பரிந்துரை வாங்க வேண்டும்.

மனநலம் பாதித்து, சம்பாதிக்க முடியாத மகன்? குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுவதும்.

இன்றிரவே யாரிடமாவது பேச வேண்டுமா? 14416, டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.