பெயரும் பதிவும்

ஒரே வகுப்பில் முருகன் என்னும் பெயருடைய மாணவர் இருவர் இருப்பின், ஆசிரியர் அழைக்குங்கால் இருவரும் எழுந்து நிற்பர். வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் தனி எண் இருப்பதனாலேயே அக்குழப்பம் நீங்குகின்றது. வகுப்பறைக்குப் பொருந்தும் இவ்வுண்மை வானத்திற்கும் பொருந்தும்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே எண்ணிறந்த சிறுகோள்கள் கதிரவனைச் சுற்றி வருகின்றன. 1861-ஆம் ஆண்டில் சென்னை வானாய்வகத்தில் போக்சன் என்பார் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து காணப்பெற்ற முதற் சிறுகோளாகிய அதற்கு ‘ஆசியா’ என்னும் பெயரும் 67 என்னும் எண்ணும் வாய்த்தன. இன்றோ, அறியப்பட்ட சிறுகோள்கள் பத்து இலட்சத்தையும் கடந்துவிட்டன. இத்துணைப் பொருள்களையும் மயக்கமின்றிக் குறிப்பது எங்ஙனம்?

ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் வரலாறு இதற்கு விடை கூறும். 1988-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17-ஆம் நாள், அங்கு இராஜமோகன் என்னும் வானியலறிஞர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு முதலில் கிடைத்தது பெயரன்று. ‘1988 டிக்யூ1’ என்னும் தற்காலிகக் குறியே. ஒவ்வொரு திங்களையும் இரு பகுதிகளாக்கி, பகுதிக்கு ஓர் ஆங்கில எழுத்து வழங்குவர். பிப்ரவரியின் பிற்பகுதிக்குரிய எழுத்து ‘டி’. அடுத்த எழுத்து, அப்பகுதியில் பதிவான வரிசையைக் காட்டும். ஒன்று என்னும் இலக்கத்தோடு மயங்குமாதலின் ‘ஐ’ என்னும் எழுத்தை விலக்கினர். எஞ்சிய 25 எழுத்துகளுள் ‘க்யூ’ 16-ஆவது. இறுதியிலுள்ள 1, அவ்வரிசை ஒரு சுற்று முடிந்தமையைக் குறிக்கும். 25-உம் 16-உம் கூட்டின் 41 ஆகும். எனவே, அஃது அப்பகுதியில் பதிவான 41-ஆவது சிறுகோள் என்பது குறியினின்றே விளங்கும்.

கண்டவுடன் பெயர் சூட்டினால் என்ன? 1911-ஆம் ஆண்டில் வியன்னாவில் பலிசா என்பார் கண்ட சிறுகோள் ‘ஆல்பர்ட்’ என்னும் பெயரும் 719 என்னும் எண்ணும் பெற்றது. ஆயினும், அதன் பாதை செவ்வனே கணிக்கப்படாமையால் அது தொலைந்துபோயிற்று. 2000-ஆம் ஆண்டில் புதியதெனப் பதிவான ஒரு சிறுகோளின் பாதையைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டபோதே, அதுவே ஆல்பர்ட் எனத் தெரிந்தது. பெயர் அதனைக் காக்கவில்லை, பதிவே மீட்டது.

ஆதலின் இன்று முதலில் குறி, பாதை உறுதியானபின் எண், அதன் பின்னரே பெயர் என்பது முறையாயிற்று. காவலூர்ச் சிறுகோள் 4130 என்னும் எண்ணையும், கணித மேதை இராமானுஜன் பெயரையும் பெற்றது. முன்னரே உள்ள பெயரோடு மிக ஒத்த பெயரைப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஏற்பதில்லை.

கணிப்பொறியிலும் இந்நெறியே பயன்படுகின்றது. ஒரு முதன்மை நிரலோடு, பல நாட்டார் இயற்றிய செருகுநிரல்கள் பின்னர் வந்து சேரும். ஒவ்வொன்றும் தன் பெயரை முதன்மை நிரலின் பட்டியலில் பதிந்துகொள்ளும். முதன்மை நிரல் அப்பெயரால் அதனை அழைக்கும். இருவர் தத்தம் செருகுநிரலுக்கு ஒரே பெயரிட்டால், ஒன்று மற்றொன்றின் இடத்தைக் கவர்ந்துகொள்ளக்கூடும். ஆகவே, இரு முருகன்களைத் தலைப்பெழுத்தால் பிரித்தறிவது போல, பெயரின் முன் இயற்றியவர் பெயரையும் சேர்ப்பர். மக்கள் படிக்கும் பெயரை மாற்றினும், பொறி அறியும் அக்குறியை மாற்றார். மாற்றின், அதனை நம்பியுள்ள பிற நிரல்கள் நின்றுபோகும்.

பெயர் அழைப்பதற்கு உதவும். பதிவு தொலையாது காக்கும். இரண்டும் ஒருங்கே அமைதல் வேண்டும்.