ஐரோப்பியப் பாணி பூட்டிக் விடுதி

பூட்டிக் விடுதி என்பது பெரிய நகரங்களில், பெரும்பாலும் பழைய கட்டடம் ஒன்றில், குறைந்த எண்ணிக்கையிலான அறைகளுடனும் தனக்கென்று ஓர் அலங்காரத்துடனும் நடத்தப்படும் தங்கும் விடுதி ஆகும். அறைகளின் எண்ணிக்கைக்குத் திட்டவட்டமான வரம்பு கிடையாது. பத்து அறைகள் கொண்டவையும் உண்டு. நூறைத் தாண்டியவையும் உண்டு. அமெரிக்க நகரங்களில் இத்தகைய விடுதிகள் தம்மை 'ஐரோப்பியப் பாணி' என்று விளம்பரம் செய்வது வழக்கம். இந்தச் சொல் அழகை மட்டும் குறிப்பதில்லை. சிறிய அறை, பொதுக் குளியலறை, உணவு சேராத வாடகை ஆகியவற்றையும் அது குறிக்கக்கூடும். எனவே அதன் பொருளை அறிந்த பின் அறையைப் பதிவு செய்வதே நல்லது.

பெயர்க் காரணம்

'பூட்டிக்' என்பது சிறு கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். சேமிப்புக் கிடங்கு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே இதன் மூலம். இச்சொல்லின் போர்த்துக்கேய வடிவம் நம் பகுதிக்கும் வந்தது. இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும் சிறு கடைகளை ஆங்கிலேயர் 'பூட்டிக்' என்றே அழைத்ததை 1886இல் வெளியான ஹாப்சன் ஜாப்சன் அகராதி பதிவு செய்துள்ளது.

விடுதிக்கு இப்பெயரைச் சூட்டியவர் நியூயார்க் நகரின் ஸ்டீவ் ரூபெல் என்று கூறப்படுகிறது. பெரிய விடுதிகள் எல்லாம் கிடைக்கும் பல்பொருள் அங்காடி போன்றவை. தம் விடுதியோ தேர்ந்தெடுத்த பொருள்களை மட்டும் விற்கும் சிறு கடை போன்றது என்று அவர் ஒப்பிட்டார்.

தோற்றமும் வளர்ச்சியும்

பாரிஸ், ரோம், வியன்னா முதலிய நகரங்களில் குடும்பத்தாரே நடத்தும் சிறு விடுதிகள் நெடுங்காலமாக உண்டு. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒரே நிறுவனத்தின் பெயரில் பல ஊர்களில் இயங்கும் தொடர் விடுதிகள் பெருகின. முதல் ஹாலிடே இன் 1952இல் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்டது. எந்த ஊரில் தங்கினாலும் ஒரே மாதிரி அறை கிடைக்கும் என்பது பயணிகளுக்கு நம்பிக்கை தந்தது. ஆனால் காலையில் கண் விழிப்பவருக்குத் தாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரியாத நிலையும் அதனால் உண்டாயிற்று. பூட்டிக் விடுதி இதற்கு மாற்றாக எழுந்தது.

லண்டனில் 1978இல் அனுஷ்கா ஹெம்பெல் தொடங்கிய பிளேக்ஸ் இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அடுத்து 1981இல் சான் பிரான்சிஸ்கோவில் பில் கிம்ப்டன் தம் முதல் விடுதியைத் திறந்தார். முதலீட்டு வங்கியில் பணியாற்றிய அவர், ஐரோப்பாவில் தாம் தங்கிய சிறு விடுதிகளைப் பின்பற்ற விரும்பினார். அதற்கு அந்நகரம் ஏற்றதாக இருந்தது. 1906ஆம் ஆண்டின் நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்த நகர மையம் விரைவாக மீண்டும் கட்டப்பட்டபோது எழுந்த நடுத்தர அளவு விடுதிகள் பல, பிற்காலத்தில் பொலிவிழந்து கிடந்தன. கிம்ப்டன் பழைய கட்டடங்களை வாங்கிப் புதுப்பித்தார். வரவேற்புக் கூடத்தில் கணப்பு அடுப்பும், மாலையில் விருந்தினர் கூடிப் பேச இலவசத் திராட்சை மதுவும் அவருடைய விடுதிகளின் அடையாளமாயின.

நியூயார்க்கில் 1984இல் ரூபெலும் இயன் ஷ்ரேகரும் மார்கன்ஸ் விடுதியைத் திறந்தனர். பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஆந்த்ரே புட்மன் அதன் உட்புறத்தை அமைத்தார். ஒதுக்கப்பட்ட பணம் குறைவு என்பதால், குளியலறைகளில் கறுப்பு, வெள்ளை ஓடுகளைக் கட்டம் கட்டமாகப் பதித்தார். சிக்கனத்துக்காகச் செய்த அதுவே பின்னர் பலரும் பின்பற்றிய பாணியானது.

கட்டடமும் அறையும்

பழைய கட்டடத்தின் சுவர்களை விருப்பம்போல் நகர்த்த இயலாது. ஆதலால் ஒரே தளத்தில்கூட ஓர் அறை விசாலமாகவும் அடுத்தது குறுகலாகவும் இருக்கும். மின்தூக்கி இல்லாத காலத்தில் கட்டப்பட்ட ஐரோப்பிய விடுதிகளில், படிக்கட்டின் நடுவே உள்ள இடைவெளியில் பிற்காலத்தில் மின்தூக்கி பொருத்தப்பட்டது. அதில் ஒருவரும் ஒரு பெட்டியும் மட்டுமே நுழைய முடிவதும் உண்டு. தள எண்ணிலும் வேறுபாடு உண்டு. ஐரோப்பாவில் தரைத்தளத்துக்கு மேலுள்ளது முதல் தளம். அமெரிக்காவில் தரைத்தளமே முதல் தளம்.

பழைய முறைப்படி ஒரு தளத்திலுள்ள பல அறைகளுக்குப் பொதுவான குளியலறை அமைவதும் உண்டு. 1906இல் கட்டப்பட்ட, சான் பிரான்சிஸ்கோவின் சான் ரெமோ விடுதி இம்முறைக்குப் பெயர் பெற்றது.

வாடகையும் உணவும்

விடுதித் தொழிலில் 'ஐரோப்பியத் திட்டம்' என்றால் அறை வாடகை மட்டும், உணவு சேராது. 'கான்டினென்டல் திட்டம்' என்றால் ரொட்டி, ஜாம், காப்பி போன்ற எளிய காலை உணவும் சேரும். 'அமெரிக்கத் திட்டம்' மூன்று வேளை உணவையும் உள்ளடக்கியது. அதன் திருத்திய வடிவத்தில் காலை உணவுடன் இன்னொரு வேளை உணவு, பெரும்பாலும் இரவு உணவு, சேரும். 'ஐரோப்பியப் பாணி' என்பது அலங்காரத்தையும், 'ஐரோப்பியத் திட்டம்' என்பது கட்டணத்தையும் குறிப்பதால் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நகர வரியும் தனி. சான் பிரான்சிஸ்கோவில் விடுதி வரி 14 விழுக்காடு. பாரிசில் ஆளுக்கும் இரவுக்கும் கணக்கிட்டுத் தங்கல் வரி பெறப்படுகிறது.

பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

குளியலறை அறைக்குள் உள்ளதா, மின்தூக்கி அறையின் தளம் வரை செல்லுமா, குளிர்சாதன வசதி உண்டா, சன்னல் தெருவைப் பார்த்ததா உட்புற முற்றத்தைப் பார்த்ததா என்னும் நான்கு கேள்விகள் முக்கியமானவை. முழங்கால் வலியுள்ள முதியவருக்கு இரண்டாவது கேள்வியே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். தெருவைப் பார்த்த அறையில் காட்சி கிடைக்கும், இரைச்சலும் கிடைக்கும். முற்றத்தைப் பார்த்த அறையில் வெளிச்சம் குறையலாம், தூக்கம் நன்றாக வரும்.

இன்றைய நிலை

மாற்றாகத் தோன்றிய இவ்வகை விடுதிகளைப் பெருநிறுவனங்களும் பின்னர் ஏற்றுக்கொண்டன. ஷ்ரேகர் மாரியட் நிறுவனத்துடன் இணைந்து எடிஷன் விடுதிகளை உருவாக்கினார். இன்டர்கான்டினென்டல் குழுமம் 2014 டிசம்பரில் கிம்ப்டன் நிறுவனத்தை 43 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. மார்கன்ஸ் விடுதி 2017இல் மூடப்பட்டது.

இதனால் பூட்டிக் என்ற பெயர்ப்பலகை மட்டுமே இன்று சான்றாகாது. பெரிய நிறுவனத்துக்குச் சொந்தமானாலும் பழைய கட்டடத்தைக் காத்து, ஊரின் சாயலுடன் நடத்தப்படும் விடுதி உண்டு. சிறிய அறைக்குக் கூடுதல் வாடகை பெறுவதற்காகவே இப்பெயரைச் சூடிய விடுதியும் உண்டு. அறைக்கு அறை வேறுபாடு இருக்கிறதா, வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு அக்கம்பக்கத்துத் தெருக்களும் கடைகளும் தெரிகின்றனவா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம்.