புள்ளிக்குப் பின்னே எது பெரிது?

நம் சங்க அன்பர்களின் இல்லங்களில் வீட்டிலே தமிழ் பேசி, பள்ளியிலே மலையாளத்தில் கணக்குப் பயிலும் சிறுவர் பலர் உளர். அங்கே ‘தசாம்சம்’ என்பதும் தமிழில் ‘தசமம்’ என்பதும் ஒன்றே. சொல் வேறாயினும் பிள்ளைகள் இடறும் இடம் ஒன்றுதான். 0.5, 0.25 என்னும் இரண்டில் பெரியது எது என்று வினவினால், “25 அன்றோ பெரிது!” என்று 0.25-ஐச் சுட்டுவர்.

இது அறிவுக் குறைவன்று. முழு எண்களில் இலக்கம் மிகுந்தால் எண் பெரிதாகும். அவ்விதியையே பிள்ளை புள்ளிக்குப் பின்னும் கொண்டு செல்கிறது. வேறு சிலரோ, இலக்கம் மிகுந்தால் எண் சிறிது என்று கருதுகின்றனர். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கே ஸ்டேசி, விக்கி ஸ்டெயின்லே ஆகியோர் பள்ளிப் பிள்ளைகளிடம் இவ்விருவகைப் பிழைகளையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

இதற்கு மருந்து நம் வீட்டிலேயே உண்டு. கால், அரை, முக்கால் என்பவற்றை அறியாத தமிழ்க் குழந்தை உண்டோ? முதலமடை மாம்பழம் கால் கிலோவும் அரைக் கிலோவும் நிறுத்துக் காட்டி, 0.25, 0.5 என எழுதச் சொல்லுங்கள். கால் அரையினும் பெரிதென்று எக்குழந்தையும் சொல்லாது. உடனே முக்காலையும் 0.75 என எழுதுக. 0.25-க்கும் 0.75-க்கும் இலக்கங்கள் இரண்டே. எனினும் ஒன்று அரையினும் சிறிது, மற்றது பெரிது. ஆகவே, இலக்கங்களின் எண்ணிக்கையால் முடிவு செய்யலாகாது என்பது தானே விளங்கும்.

பின்னர் முறையைக் கூறுக. முதலில் புள்ளிக்கு முன்னுள்ள முழு எண்ணை ஒப்பிட வேண்டும். அது சமமாயின் பத்தில் ஒன்றின் இடம். அதுவும் சமமாயின் நூறில் ஒன்றின் இடம். 0.5-ஐ 0.50 என எழுதினாலும் மதிப்பு மாறாது. 1957 ஏப்ரல் 1 முதல் 16 அணா ரூபாய் 100 பைசா ரூபாயாயிற்று; 0.5 ரூபாய் என்பது 50 பைசாவே, 5 பைசா அன்று.

வினாவைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். நம் நாட்டுக் குறுகிய இரயில் பாதைகளில் ஒருவகையின் அகலம் 0.762 மீட்டர், டார்ஜிலிங் மலைப்பாதையின் அகலம் 0.61 மீட்டர். “762 பெரிது, 61 சிறிது” என்று தவறாக எண்ணும் பிள்ளையும் இங்கே சரியான விடை கூறிவிடும். பிழை மறைந்தே நிற்கும். முதலமடை வழியே 2015 முதல் ஓடும் அகலப்பாதைக்கு 1.676 மீட்டர், அதனை 1.7 உடன் ஒப்பிடச் சொன்னால் பிழை வெளிப்படும். விடை வந்ததும், “எவ்வாறு அறிந்தாய்?” என்று கேட்க மறவாதீர்.

கணக்கில் தேறாத பிள்ளையென்று பெயர் சூட்டுமுன், மாலை வேளையில் சிறிது நேரம் பெற்றோர் இதனைச் செய்து பார்க்கலாகாதா?