வீட்டுக் கம்பியூட்டர் ஊர்ந்து செல்கிறதா?

“உம்மா, கம்பியூட்டர் சரியான ஸ்லோ. புதுசு ஒண்டு வாங்குவோம்” என்று மகன் நச்சரிக்கிறானா? காசை எண்ணுமுன் சற்றுப் பொறுங்கள் சகோதரியே! குற்றம் கம்பியூட்டரில் இல்லாமலும் இருக்கலாம்.

குரோம் போன்ற இணைய உலாவிகளோடு ‘நீட்டிப்பு’ எனும் சிறு மென்பொருள்களை இணைக்கலாம். விளம்பரம் தடுக்க ஒன்று, இலக்கணம் திருத்த ஒன்று, விலைக்கழிவு தேட ஒன்று எனப் பிள்ளைகள் சேர்த்துக்கொண்டே போவார்கள். இவை ஒவ்வொன்றும் நினைவகத்தில் இடம்பிடிக்கும். 4 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள கம்பியூட்டர் இச்சுமையில் திணறிவிடும்.

விண்டோஸ் கம்பியூட்டரில் குரோமைத் திறந்து, ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். எது எவ்வளவு நினைவகத்தை விழுங்குகிறது என்ற பட்டியல் வரும். பின்னர் மேலே வலப்புற மூன்று புள்ளிகளை அழுத்தி, நீட்டிப்புகள் பகுதிக்குச் சென்று வேண்டாதவற்றை அகற்றுங்கள். சந்தேகமானதை முதலில் நிறுத்திவைத்துப் பாருங்கள். பழைய கம்பியூட்டரில் அடோபியின் ஃபிளாஷ் இன்னும் இருந்தால் அதையும் நீக்குங்கள். 2020 டிசம்பர் 31உடன் அதன் ஆதரவு முடிந்துவிட்டது.

வேகத்தைவிடப் பெரிய கவலை ஒன்றுண்டு. பல நீட்டிப்புகள் நாம் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் வாசிக்க அனுமதி பெற்றே நுழைகின்றன. வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டும் பக்கமும் அதில் அடங்கும். முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்போமா?

அலுமாரியை ஒதுக்குவதுபோல், மாதமொருமுறை பிள்ளையோடு அமர்ந்து இதையும் ஒதுக்குங்கள். புதுக் கம்பியூட்டருக்கான காசு மிஞ்சினாலும் மிஞ்சும்!